நீலப் போர்வையின் உள்பக்கம்

நாகர்கோயிலுக்கா போறீங்க? அப்ப சரி. ரெண்டு மணி நேரம் இருக்கு, பேசிக்கிட்டே போவோம். பேசாம இருந்தா எனக்கு பஸ்ஸுல குமட்டும்.

நான் ராயப்பர்துறை. கடக்கரை ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, இருநூறு வீடு, ஒரு கோயில், அவ்வளவுதான். பேரு செலஸ்தீன். தையக்காரி. ஊர்ல எந்தப் பொம்பளைக்கு எந்தத் தோளு ஏறியிருக்கு, எந்தத் தோளு எறங்கியிருக்குன்னு எனக்குத் தெரியும், அத்தன ஜாக்கெட்டு தச்சிருக்கேன். ஆனா ஜாக்கெட்டு தச்சு என்ன பேரு கெடைக்கும் சொல்லுங்க. நல்லாயிருந்தா உடுத்துனவளுக்குப் பேரு, இறுக்கிப் புடிச்சா தச்சவளுக்குப் பேரு. எனக்குப் பேரு மாதா போர்வையிலதான்.

தேர்ல மாதா சுரூபம் நிக்கும்லா, தலையில இருந்து பாதம் வரைக்கும் பின்னால ஒரு துணி தொங்கும்லா, அதுதான் போர்வை. ஆகஸ்டு மாசத் திருவிழாவுக்கு வருசா வருசம் புதுசு. பத்தொம்பது வருசம் நான்தான் தச்சேன். இந்தக் கையிதான்.

எப்பவும் நீலம். ஒருதடவ துபாயில இருந்து வந்த ஒருத்தரு ரோஸ் வெல்வெட்டு வாங்கியாந்து, இதுல தை செலஸ்தீன்னாரு. முடியாதுன்னுட்டேன். மேல வானமும் நீலம், கீழ கடலும் நீலம், ரெண்டுக்கும் நடுவுல அவ நிக்கா. அவளுக்கு ரோஸா? பூசை வைக்கிற சாமியாரு உடுப்பப் பாருங்க. தவக்காலத்துல ஊதா, ரத்தஞ் சிந்துன வேதசாட்சிக்குச் செவப்பு, பெருநாளுக்கு வெள்ள. அதது அததுக்குன்னு இருக்கு. வாயத் தொறக்காமலே துணி பேசும். நாம தப்பா உடுத்துனா அது தப்பாப் பேசிரும். எனக்கு அதுல ரொம்பக் கண்டிப்பு.

இப்ப ரெக்ஸ்லின் கதைக்கு வாறேன்.

பொறாமையில சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. நடந்ததச் சொல்லுதேன்.

அவ கொளச்சல் பக்கத்துக்காரி. எங்க ஊரு டெனிஸக் கட்டிக்கிட்டு வந்தா. நாலு வருசம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பூர்ல கம்பெனியில தச்சவ. வந்த வருசமே கிறிஸ்மசுக்கு குடில்ல வைக்கிற பாலசேசுவுக்கு ஒரு சட்ட தச்சுக் குடுத்தா பாருங்க, இத்தனூண்டு சட்ட, உள்ளங்கை அளவு. கோயில்ல ஒவ்வொருத்தியா வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்கா. "ஏட்டி, தையலே தெரியலியே!"ன்னு ஒருத்தி. "மிசின்ல தச்சதா, வானத்துல இருந்து சம்மனசு எறங்கி வந்து தச்சதா?"ன்னு இன்னொருத்தி. எங்கிட்டயும் குடுத்தாங்க. பாத்தேன். தையல் தெரியலதான். நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுக் குடுத்துட்டேன். அந்த வருசம் நான் தச்ச போர்வையக் கோயில்ல கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டாந்து விரிச்சுப் பாத்தேன். எனக்குத் தையல் தெரிஞ்சுது. அதுவரைக்கும் தெரிஞ்சதில்ல.

அவ நல்லவதான். அதச் சொல்லணும். "எக்கா, எக்கா"ன்னு எங்கிட்ட வந்து, நூலு எங்க வாங்குதீங்க, சரிகை லேசு சுருங்காம எப்படித் தைக்குதீங்கன்னு கேப்பா. நான் சொல்ல மாட்டேன். அனுபவத்துல வரும்பேன். சிரிச்சுக்கிட்டுப் போயிருவா. கோவமும் வராது அவளுக்கு. கோவம் வாறவளோட சண்ட போடலாம். கோவமே வராதவள என்ன செய்ய?

அதுக்குப் பொறவு, போன கார்த்திகையில புயல் வந்துச்சு. டெனிசும் கூட மூணு பேரும் மீன்புடிக்கப் போன போட்டு திரும்பல. எட்டு நாளு தேடுனாங்க. ஒரு கேனு கெடச்சுது, ஒரு பலகத் துண்டு கெடச்சுது. ஆளு ஒருத்தரும் கெடைக்கல. நாப்பத்தோராம் நாளு கோயில்ல நாலு வெறும் பெட்டி வச்சு பூச நடந்துச்சு. அன்னைக்கு நானும் அழுதேன். கல்லா அழாம இருக்க?

எங்க ஊர்ல புருசன் போயிட்டா ஒரு வருசம் கறுப்பு உடுத்தணும். மத்த மூணு பேரும் உடுத்துனாங்க. ரெக்ஸ்லின் உடுத்தல. அந்தப் பூசைக்கே மஞ்சச் சேலையில வந்தா. கழுத்துல தாலி. தலையில முக்காடு மட்டும். ஊரே திரும்பிப் பாக்கு. மாமியா அழுதுகிட்டே கேட்டிருக்கா, "ஏம் பிள்ள, ஒரு கறுப்பு உடுத்துனா என்ன?"ன்னு. "ஆளக் காட்டுங்க, உடுத்துதேன்"ன்னு சொல்லியிருக்கா.

அதுல இருந்து ஊர்ல வேற பேச்சில்ல. தண்ணிக்கு நின்னா ரெக்ஸ்லின், மீன் வாங்க நின்னா ரெக்ஸ்லின். பாவம் ரெக்ஸ்லின், மனசு தேறாத ரெக்ஸ்லின், இன்னைக்குப் பச்ச உடுத்துனா, நேத்து ஆரஞ்சு உடுத்துனா. கோயில் சாமியாரு எடிசன் சாமி வாரம் ஒருக்க அவ வீட்டுக்குப் போயி உக்காந்து ஆறுதல் சொல்லுதாரு. மாதா சபைக்காரிங்க மொற வச்சு சோறு கொண்டு போறாளுக.

எங்க வீட்டுக்காரரு கொச்சிக்குப் போயி பதினொரு வருசம். எந்தச் சாமியாரு வந்து உக்காந்தாரு? எவ ஒரு வாயி சோறு கொண்டாந்தா?

அவுக அங்க போட்டு வேலைக்குப் போனவுக. முதல்ல மாசம் ஒருக்க வந்தாங்க. பொறவு கிறிஸ்மசுக்கு. பொறவு போன் மட்டும். அங்க லீலம்மான்னு ஒருத்தியோட இருக்காங்கன்னு ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும்ங்குறதுதான் ஊருக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் மங்குன சேல உடுத்துனதில்ல. செவப்பு, கிளிப்பச்ச, மாம்பழ மஞ்ச. விடிஞ்சதும் குளிச்சு, தல சீவி, பளிச்சுன்னு ஒண்ண எடுத்துக் கட்டிக்கிட்டு வாசலத் தொறப்பேன். பாக்குறவளுக்குத் தெரியணும்லா, இவ புருசன் இருக்கான்னு. கேட்டா, நேத்துக் கூட பேசுனாருன்னு சொல்லுவேன். அது வேற விசயம். என் புருசன் உசுரோட இருந்தாரு. அவ புருசன் கடல்ல போனவன். ரெண்டும் ஒண்ணாவுமா? நீங்களே சொல்லுங்க.

சரி. ஜூன் மாசக் கடைசியில சாமி என்னக் கூப்புட்டு விட்டாரு. போர்வைக்குத் துணி வாங்கத்தான்னு நெனைச்சுப் போனேன். "செலஸ்தீனம்மா, இந்த வருசம் ரெக்ஸ்லின் தைக்கட்டும். கையில ஒரு வேல இருந்தா மனசு கொஞ்சம் தேறும். நீங்க கூட இருந்து சொல்லிக் குடுங்க"ன்னாரு. சின்ன வயசு சாமி. எனக்கொரு மகன் இருந்திருந்தா அந்த வயசு இருக்கும்.

"சரி சாமி"ன்னு சொல்லிட்டு வந்தேன். வேற என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து மிசினுக்கு முன்னால உக்காந்தேன். அன்னைக்குத் தைக்க வேண்டிய நாலு ஜாக்கெட்டும் அப்படியே கெடந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம மாதா சபைக் கூட்டம். நான் எந்திரிச்சேன். தலைவி மார்த்தா, "என்ன செலஸ்தீன்?"ன்னா. நான் சொன்னேன்: "எனக்கு யாரு மேலயும் ஒண்ணும் இல்ல. ஒரு நியாயம் மட்டும் கேக்கேன். ரெக்ஸ்லின் துக்கத்துல இருக்கான்னா, துக்கக்காரி திருவிழாத் துணியத் தொடக் கூடாது. துக்கத்துல இல்லேன்னா, புருசனுக்கு ஒரு கறுப்பு உடுத்தாதவ மாதா துணியத் தொடக் கூடாது. எது சரின்னு நீங்களே பேசிக்கிடுங்க."

நல்ல கேள்வி இல்லியா? ரெண்டு நாளு மனசுக்குள்ளயே தச்சுப் பாத்த கேள்வி. ஒரு இழை கூட பிரியாது. மார்த்தா மட்டும் என்ன ஒரு மாதிரி பாத்து, "ஒனக்கு அவ மேல என்ன கோவம்?"ன்னு கேட்டா. "எனக்கு என்ன கோவம்"ன்னேன்.

கூட்டத்துல ஒண்ணும் மாறல, அவதான் தைக்கணும்னு ஆயிப்போச்சு. அத்தோட விட்டிருக்கலாம். விடல. தூத்துக்குடிக்குப் போனப்ப ஒரு கறுப்புச் சேல வாங்கிட்டு வந்தேன். மட்டமானது இல்ல, நல்ல கனமான சில்க் காட்டன். அதைக் கொண்டு அவ வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூணு மணி இருக்கும். மிசினுக்குப் பக்கத்துல நீலத் துணிய விரிச்சு வச்சிருந்தா. நான் வாங்குற கடத் துணிதான், ஆனா அவ எடுத்திருக்க நீலம் வேற. விடியுறதுக்குக் கொஞ்சம் முன்ன கடலு இருக்கும்லா, அந்த நீலம். அந்தக் கடையில பத்தொம்பது வருசம் ஏறி எறங்கியிருக்கேன். அந்த நீலம் எங் கண்ணுல பட்டதில்ல.

"உக்காருங்க எக்கா"ன்னு நாற்காலியத் தொடச்சுப் போட்டா. நான் சேலைய நீட்டுனேன்.

"என்னது எக்கா?"

"உடுத்திக்கோ. ஊரு வாயி மூடும். நானே வாங்கிட்டு வந்தேன். ஒன் நல்லதுக்குத்தான்."

வாங்குனா. மடியில வச்சு, கையால தடவிப் பாத்தா. அழுவான்னு பாத்தேன். அழல. பொறவு கேட்டா: "எக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் போயி பதினொரு வருசம்னு சொல்லுதாங்க. நீங்க தெனமும் எப்படி எக்கா கலரு உடுத்துதீங்க? காலையில பீரோவத் தொறந்துட்டு அப்படியே நிக்கேன். எத எடுத்தாலும் பொய்யி சொல்லுத மாதிரி இருக்கு. கறுப்ப எடுத்தாலும் பொய்யி. மஞ்சள எடுத்தாலும் பொய்யி. அப்ப உங்கள நெனைச்சுக்கிடுவேன். அவங்க பதினொரு வருசம் உடுத்தியிருக்காங்க, நமக்கு எட்டு மாசம்தானன்னு. நீங்க எப்படிச் செய்யுதீங்கன்னு எனக்குச் சொல்லித் தாங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏட்டி, யாரை யாரோட சேக்கே? என் புருசன் உசுரோட இருக்காரு. நேத்துக் கூட போன்ல பேசுனாரு"ன்னேன்.

"ஆமா எக்கா. டெனிசும் எங்கூட பேசத்தான் செய்வாங்க"ன்னா.

எந்திரிச்சு வந்துட்டேன். டீ போட்டு வச்சிருந்தா, குடிக்கல. என்ன தைரியம் பாருங்க அவளுக்கு! வழி நெடுக எனக்கு ஆறல. என்னப் போயி அவ கூட்டத்துல சேத்துட்டா.

திருவிழா வந்துச்சு. பத்தாம் நாளு சாயங்காலம் தேரு. நான் முன்னால போகல. கூட்டத்துக்குக் கடைசியில, ஐஸ்காரன் வண்டிப் பக்கம் நின்னேன். தேரு கோயில விட்டு வெளிய வருது. மாதா மேல அந்த நீலம். பெருசா வேல ஒண்ணும் இல்ல, கேட்டீங்களா. நான் தச்சா ரெண்டு பக்கமும் சரிகை லேசு, நட்சத்திரம், முத்து எல்லாம் வச்சுத் தைப்பேன். இவ ஓரத்துல ஒரே ஒரு வெள்ளிக் கோடு ஓட்டியிருக்கா. அலை கரையில வந்து விட்டுட்டுப் போற கோடு மாதிரி. அவ்வளவுதான். நல்லாயிருக்குன்னு சொல்ல வேண்டாம்னு வாய இறுக்கி மூடிக்கிட்டேன்.

தேரு கடக்கரைத் தெருவுக்குத் திரும்புச்சு. மேக்க இருந்து கச்சான் காத்து. போர்வைய அப்படியே தூக்குச்சு. தூக்குனதும் உள்பக்கம் தெரியுது. முழுசும் கறுப்பு. வெளிய நீலம், உள்ள கறுப்பு. காத்து விட்டா மூடிக்கிடுது, அடிச்சா தெரியுது.

முதல்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. பொறவு அந்த மூணு பேரு, கறுப்பு உடுத்துன பொம்பளையளு, அவங்களுக்குப் புரிஞ்சிட்டு. ஒருத்தி தேருப் பக்கத்துல போயி, காத்துல பறந்த நுனியப் புடிச்சு மொகத்துல வச்சுக்கிட்டா. அழுக. தேர நிறுத்திட்டாங்க. ஆம்பளையளு கூட, சொல்லக் கூடாது, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாங்க. நாலு வெறும் பெட்டிக்கு இப்படி அழாத ஊரு, ஒரு உள்துணிக்கு அழுதுச்சு.

எனக்கு மட்டும் அழுக வரல. அது என்ன துணின்னு எனக்குத் தெரியும்லா. தூரத்துல இருந்தே தெரிஞ்சிட்டு. நான் வாங்கிக் குடுத்த சேல.

அதுவும் போவட்டும்னா, மறுநாளு கொடியெறக்கத்துல சாமி மைக்குல சொல்லுதாரு: "போர்வையத் தச்சது ரெக்ஸ்லின். அந்தக் கறுப்புத் துணியக் குடுத்தது செலஸ்தீனம்மான்னு ரெக்ஸ்லின் சொல்லச் சொன்னா. துக்கத்தை மாதா தன் போர்வைக்குள்ள வச்சுக்கிடட்டும்னு குடுத்த மனசு அது." எல்லாரும் திரும்பி என்னப் பாக்காங்க. பூசை முடிஞ்சு ஒவ்வொருத்தியா வந்து கையப் புடிக்கா. "ஒனக்குத்தான் இப்படித் தோணும் எக்கா." மார்த்தா வந்தா. அன்னைக்குக் கூட்டத்துல என்னக் கேட்ட அதே மார்த்தா. "மன்னிச்சுக்கோ செலஸ்தீன், நான் தப்பா நெனைச்சிட்டேன்"ன்னா.

நான் எதுக்குக் குடுத்தேன்னு ரெக்ஸ்லினுக்குத் தெரியும். தெரிஞ்சே என்ன நல்லவளாக்கிட்டா. அதத்தான் என்னால தாங்க முடியல. ஊர்முன்னால நாலு வார்த்த திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். அதுக்குப் பொறவு அவ எதுக்க வந்தா நான் சந்துல திரும்பிருவேன். மாசக்கணக்குல சந்துலயே நடந்தேன்.

இப்ப பதினெட்டு நாளைக்கு முன்னால ஒரு போன் வந்துச்சு. மலையாளமும் தமிழும் கலந்து ஒரு பொம்பள. "செலஸ்தீன் சேச்சியா? ஞான் லீலம்மா"ன்னா. அவுக செத்து ஒம்பது நாளு ஆச்சாம். நெஞ்சு வலி. அடக்கமும் முடிஞ்சுட்டாம். நம்பரு அவுக போன்ல வேற பேருல இருந்துச்சாம், கண்டுபுடிக்க நேரமாயிட்டாம். அழுதா. வெள்ள உடுத்தியிருக்காளாம், அவங்க பக்கம் துக்கத்துக்கு வெள்ளையாம். "எல்லாரும் வந்நு சேச்சி, பள்ளி நெறைய ஆளு"ன்னா. பள்ளின்னா அங்க கோயிலு. ஆறுதலுக்குச் சொன்னா போல.

பள்ளி நெறைய ஆளு. எல்லாரும் அவகிட்டதான துக்கம் கேட்டிருப்பாங்க. வெள்ளையும் அவளுக்கு, அழுகையும் அவளுக்கு. பதினொரு வருசம் அவுகளுக்காக கலரு உடுத்துனது யாரு?

நான் யாருகிட்டயும் சொல்லல. மறுநாளு காலையில எந்திரிச்சு, குளிச்சு, செவப்ப எடுத்துக் கட்டுனேன். அதுக்கடுத்த நாளு பச்ச. யாராவது கேட்டா, நேத்துக் கூட பேசுனாருன்னு சொன்னேன். ரெண்டு ஞாயிறு மட்டும் கோயிலுக்குப் போக முடியல. கதவச் சாத்திக்கிட்டு படுத்துக் கெடந்தேன்.

ரெண்டாவது ஞாயிறு பூசை முடிஞ்சதும் ரெக்ஸ்லின் வந்து கதவத் தட்டுதா. தொறந்தேன். என்னப் பாத்தா, சேலையப் பாத்தா. மாம்பழ மஞ்ச உடுத்தியிருந்தேன். "எப்ப எக்கா?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. யாரு, என்ன, ஒண்ணும் கேக்கல.

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல. ஊர்ல எத்தனையோ பேரு இருக்க, அவகிட்டப் போயி சொன்னேன். தரையில எம் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. உடுத்து, உடுத்தாதன்னு ஒரு வார்த்த சொல்லல. "எங்க வச்சிருக்காங்க எக்கா?"ன்னு கேட்டா.

"கொச்சியில. அங்க ஏதோ ஒரு பள்ளிக் கல்லறையிலயாம்."

"எடம் தெரியும்லா?"

"லீலம்மா வந்து காட்டுதேன்னு சொல்லுதா."

தலையக் குனிஞ்சுக்கிட்டா. "எக்கா, சொன்னா தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் பொறாமையா இருக்கு"ன்னா. "உங்களுக்குப் போயி நிக்க ஒரு குழி இருக்கு. மண்ணத் தொட்டுப் பாக்கலாம். எனக்கு அது கூட இல்ல."

எனக்கு என்ன தோணிச்சுன்னு சொல்லட்டா? சொல்லக் கூடாது, ஆனா நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ. எனக்கு நல்லா இருந்துச்சு. என்னப் பாத்து ஒருத்தி பொறாமப்பட்டது ஆயுசுல அன்னைக்குத்தான். அதுவும் ரெக்ஸ்லின். அந்த நிமிசம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. அவ தோள்ல விழுந்து அழுதேன். அவளும் அழுதா. புயலுக்குப் பொறவு அவ அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அதான் போறேன். நாகர்கோயில்ல எறங்கி, திருவனந்தபுரம் போயி, அங்க இருந்து ரயிலு. பையில கறுப்பும் இருக்கு, செவப்பும் இருக்கு. கல்லறைக்குப் போறப்ப எத உடுத்துறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. லீலம்மா வெள்ளையில வருவா. அவளுக்குப் பக்கத்துல எது எடுப்பா இருக்கும்னு யோசிக்கேன். அப்படிப் பாக்காதீங்க. தையக்காரி புத்தி, வேற என்ன.

ரெக்ஸ்லின் இன்னைக்குக் காலையில பஸ் ஏத்திவிட வந்தா. பைய வாங்கி மேல வச்சுட்டு, "நான் கூட வரட்டா எக்கா? தனியா எப்படிப் போவீங்க?"ன்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன். மூணு தடவ கேட்டா, மூணு தடவையும் வேண்டாம்னுட்டேன்.

அவ வந்தா, அங்கயும் எல்லாரும் அவளத்தான் பாப்பாங்க.